கவரில் வராத சம்பளம்

கேள்வி:

எனக்கு வயது 38. பூர்வீகம் மானாமதுரைப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைதான். கைமடியாக (டெய்லருக்கு உதவியாளாக) சேர்ந்து, பிசிர் வெட்டி, இப்போது செக்கிங் பார்க்கிறேன். ஷிப்டுக்கு 480 ரூபாய், வாரம் ஆறு ஷிப்ட். முன்பு இருந்த இரண்டு கம்பெனியிலும் பிஎஃப் பிடித்தார்கள். வேலையை விட்டு நின்றதும் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒரு தடவை பையனுக்குக் காதுகுத்து, ஒரு தடவை அடகு நகை. இந்தக் கம்பெனிக்கு வந்து 9 வருஷம் 2 மாதம் ஆகிறது.

அமெரிக்கா வரி போட்டதிலிருந்து ஆர்டர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். போன வாரம் சூப்பர்வைசர் செக்கிங், பேக்கிங் ஆட்கள் 22 பேரையும் கூப்பிட்டார். இனிமேல் இந்த வேலை கான்ட்ராக்டில் போகிறதாம். எல்லோரும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அதே டேபிளில் வேலையைப் பார்க்கலாமாம். பிஎஃப், இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) பிடித்தம் கிடையாது, ஷிப்டுக்கு 50 ரூபாய் கூட, பிஎஃப் பணம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மொத்தமாகக் கைக்கு வரும் என்கிறார். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். அந்தப் பணத்தில் பழைய டாடா ஏஸ் ஒன்று எடுத்து ஓட்டலாம் என்று அவருக்கு ஆசை. “பிடிக்கிற காசு என்னைக்கு நம்ம கைக்கு வந்திருக்கு?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. மூட்டு வலி வேறு. இஎஸ்ஐ-க்குப் போனால் அரை ஷிப்ட் போய்விடும் என்று வெளியில்தான் காட்டுகிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கையெழுத்துப் போடலாமா? திங்கட்கிழமை கேட்பார்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரி,

கையெழுத்துப் போடாதீர்கள். திங்கட்கிழமைக்குள் முழுவதும் படிக்க நேரம் கிடைக்காவிட்டால் இந்த ஒரு வரி போதும். மற்றதைச் சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் கேட்டதில் தப்பில்லை. திருப்பூரில் சம்பளம் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் கவரில் வருவதுதான். வீட்டு வாடகை, மளிகைக் கடை பாக்கி, குழுக் கடன் தவணை எல்லாமே அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் ஓடுகின்றன. கவருக்குள் இல்லாத காசு அந்த ஊரில் யார் கண்ணிலும் படாது. இருபத்தேழு வருஷமாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். “கைக்கு வந்தாத்தானுங்க காசு” என்ற வாக்கியத்தைக் கேட்காத மாதம் எனக்கு இல்லை.

அதனால் கவருக்குள் வராததையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவோம். மகளை நோட்டும் பேனாவுமாக உட்கார வையுங்கள். அவரும் பக்கத்தில் இருக்கட்டும்.

480 ரூபாய் வீதம் ஆறு ஷிப்டுக்கு 2,880. இதில் பிஎஃப் 12 சதவீதம், அதாவது 346 ரூபாய். இஎஸ்ஐ முக்கால் சதவீதம், 22 ரூபாய் என்று வையுங்கள். சில்லறையை ஒதுக்கினால் 367 ரூபாய் போக 2,513 கவரில் வருகிறது. கான்ட்ராக்டில் போனால் 530 வீதம் 3,180. கைக்கு வாரம் 667 ரூபாய் கூட வருகிற மாதிரித் தெரியும். சபலம் வரும்தான்.

ஆனால் அந்த 667-ல் 367 ஏற்கெனவே உங்களுடைய காசு. இன்றைக்கு உங்கள் பேரில் சேர்வதை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். புதிதாகக் கொடுப்பது வாரத்துக்கு 300 ரூபாய்.

சரி, அந்த 300-ஐக் கொடுப்பதால் கம்பெனிக்கு என்ன மிச்சம்? உங்கள் பிஎஃப்-க்குக் கம்பெனி தன் பங்காக இன்னொரு 346 கட்டுகிறது. இஎஸ்ஐ-க்கு மூன்றேகால் சதவீதம், 94 ரூபாய். சில்லறை போக இரண்டும் சேர்ந்து 439. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரவேண்டிய பணிக்கொடை, சேர்கிறது. அது 7,200 ரூபாய், வாரத்துக்குப் பிரித்தால் 138. தீபாவளி போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். அதை மாதம் 7,000 ரூபாய்க்கு மட்டும் போட்டாலும் வாரத்துக்கு 134 வரும். கூட்டினால் 711 ரூபாய். 711 ரூபாயை மிச்சம் பிடித்துக்கொண்டு உங்களிடம் 300-ஐ நீட்டுகிறார்கள். மீதி 411 ரூபாயைக் கம்பெனியும் கான்ட்ராக்ட்காரரும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்பது நம் கவலை இல்லை. வருஷத்துக்கு 21,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. 22 பேருக்குப் பெருக்கிப் பார்க்கும் வேலையை மகளிடம் விடுங்கள்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? சூப்பர்வைசர் பிஎஃப் பணம் கிடைக்கும் என்றார், ஐம்பது ரூபாய் கூட என்றார். கிராஜுவிட்டி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. ஒரே முதலாளியிடம் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த நிரந்தர ஆளுக்கு, ராஜினாமா செய்தாலும்கூட அது கிடைத்தாக வேண்டும். உங்களுக்கு ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது. ஒன்பது முறை 7,200, மொத்தம் 64,800 ரூபாய். வேலையை விட்ட முப்பது நாளில் தரவேண்டும், தாமதித்தால் வட்டியோடு. ‘செட்டில்மென்ட்’ என்று நீட்டுகிற காகிதத்தில், எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், இனிக் கோரிக்கை எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரிக்காகத்தான் அந்தக் காகிதமே.

ராஜினாமா ஏன் கேட்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஆர்டர் இல்லை, ஆள் வேண்டாம் என்றால் கம்பெனி உங்களை நிறுத்தலாம். அதற்குப் பேர் ஆட்குறைப்பு. ஒரு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளத்தைத் தரவேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்டஈடு. கிராஜுவிட்டி வேறு, இது வேறு. ஆக இன்னொரு 64,800 ரூபாய் அளவுக்கு வரும். நீங்களாகவே போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த இரண்டாவது தொகை அந்த நிமிஷமே காணாமல் போய்விடும். ஒரு வெள்ளைத்தாளும் உங்கள் கையெழுத்தும் அவர்களுக்கு எவ்வளவு பெறும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

கான்ட்ராக்ட் என்றால் பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது என்பதும் பொய். மாதம் 15,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு பிஎஃப் கட்டாயம். எனக்கு வேண்டாம் என்று தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. இஎஸ்ஐ-க்கு உச்சவரம்பு 21,000. ஆளைக் கொண்டுவருவது கான்ட்ராக்ட்காரராக இருக்கலாம். ஆனால் யாருடைய வேலை அங்கே நடக்கிறதோ அந்தக் கம்பெனிதான் கடைசியில் இரண்டுக்கும் பொறுப்பு. ‘பிடித்தம் இல்லாத கான்ட்ராக்ட்’ என்று உங்களுக்குச் சலுகை மாதிரி காட்டுகிறார்கள். அதிகாரி ஒருவர் உள்ளே நுழைந்து கணக்குக் கேட்டால் கம்பெனிக்குச் சிக்கல்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். 9 வருஷம் 2 மாதம்.

பிஎஃப் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு உண்டியல். உங்கள் 12 சதவீதம் முழுதும் ஒன்றில் விழுகிறது. கம்பெனி கட்டும் 12-ல் 8.33 சதவீதம் இன்னொன்றுக்கு, அதாவது பென்ஷனுக்குப் போகிறது. மீதிதான் முதல் உண்டியலுக்கு. இரண்டாவது உண்டியலின் விதி வேறு. பத்து வருஷம் சேவை முடித்தவருக்கு 58 வயதிலிருந்து சாகும்வரை மாதப் பென்ஷன். முடிக்காதவருக்கு ஒரு சின்னத் தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கணக்கில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள துண்டை ஒரு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஒன்பதரை வருஷம் தாண்டினாலே பத்து என்று சொல்வார்கள். ஆனால் சம்பளமில்லாத நாட்கள் கழிக்கப்படும். அதனால் அந்த ஓரத்தில் போய் நிற்காதீர்கள், பத்தை முழுசாகத் தாண்டுங்கள். பத்து மாதம்தான் பாக்கி. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்ட பிறகு எழுந்துவரச் சொல்கிறார்கள்.

பென்ஷன் பெரிய தொகை என்று ஆசை காட்ட மாட்டேன். கடைசி ஐந்து வருஷச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 480 ரூபாய் ஷிப்டில் 26 நாளைக்கு 12,480. பத்து வருஷத்துக்கு மாதம் 1,783 ரூபாய். இருபது வருஷம் முடித்தால் இரண்டு வருஷம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள், அப்போது 3,922. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, சரிதான். ஆனால் ரேஷன் அரிசி இருக்கிற வீட்டில், அறுபது வயதுப் பெண் மருமகளிடம் மாத்திரைக்குக் காசு கேட்காமல் இருக்க 1,783 ரூபாய் போதும். போன வருஷம் என் ஆபீசுக்கு ஒரு அம்மா வந்தார். வயது 61. மஞ்சப்பைக்குள்ளிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஆறு கம்பெனிகளின் அடையாள அட்டைகள். முதல் அட்டையில் ரெட்டைச் சடை, கனகாம்பரம். கடைசி அட்டையில் நரைத்த தலை, கண்ணாடி. நடுவில் முப்பது வருஷம். ஒவ்வொரு கம்பெனியை விட்டதும் ஏஜென்ட் மூலம் பிஎஃப்-ஐ எடுத்திருக்கிறார். ஏஜென்ட்டுகள் 19-ஆம் படிவத்தோடு 10சி படிவத்தையும் சேர்த்தே பூர்த்தி செய்துவிடுவார்கள். முதலாவது பிஎஃப் பணம், இரண்டாவது பென்ஷன் உண்டியல். இரண்டாவதை உடைத்தால் அதுவரை சேர்ந்த சேவை வருஷமெல்லாம் பூஜ்யம். அந்த அம்மாவுக்கு முப்பது வருஷ உழைப்பில் தொடர்ச்சியாக மிஞ்சியது மூன்றரை வருஷம். “ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?” என்றார். முடியவில்லை. அட்டைகளை மறுபடி வரிசையாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு போனார்.

உங்கள் முதல் இரண்டு கம்பெனிகளிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனது போகட்டும். என்றைக்காவது வேலையை விட்டே தீரவேண்டும் என்ற நிலை வந்தாலும் 10சி-யில் பணம் கேட்காதீர்கள். அதே படிவத்தில் ‘ஸ்கீம் சர்ட்டிபிகேட்’ என்று கேட்டு வாங்கலாம். சேர்ந்த வருஷங்களை அது பத்திரமாக வைத்திருக்கும், அடுத்த கம்பெனியில் அங்கிருந்தே எண்ணிக்கை தொடரும். வேறு பிஎஃப் கம்பெனிக்கு மாறினால் அதே யுஏஎன் நம்பரை (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொண்டால் போதும்.

இஎஸ்ஐ பற்றி நீங்கள் எழுதியதை மறுக்க மாட்டேன். டோக்கன், வரிசை, டாக்டர், மருந்துக்கு இன்னொரு வரிசை. அரை ஷிப்ட் என்ன, சில நாள் முழு ஷிப்டே போய்விடும். மருந்தகத்தில் ஸ்டாக் இல்லை என்பார்கள். சளி, காய்ச்சலுக்கு வெளியில் காட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூட்டு வலி சளி இல்லை. நாள் முழுக்க டேபிள் முன்னால் நின்று பீஸ் பிரித்துப் பார்க்கிறவருக்கு அது வேலையோடு வந்த வலி, எளிதில் போகாது. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று போய்ப் பதிவு செய்துவிடுங்கள். அங்கிருந்து கோவை சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஸ்கேன், ஆபரேஷன் வரை போனாலும் இஎஸ்ஐ-யில் வைத்தியச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் விபத்து நடந்தாலும் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கம்பெனி வேனில் வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் 22 பேரில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தியாவது இருப்பாள். அவளிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்: இஎஸ்ஐ-யில் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடாகப் பணம் வரும், ஆனால் அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இப்போது 50 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் வயிற்றில் குழந்தையோடு வந்து கேட்டால் யாரும் எதுவும் செய்ய முடியாது. அப்புறம், உங்கள் மகள் நீட் எழுதுகிறவளாக இருந்தால் ஒரு விஷயம். சென்னை கே.கே. நகரில் இருப்பது போன்ற இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு. திருப்பூரில் இதைக் கேட்டு ஆச்சரியப்படாத முகத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது டாடா ஏஸ் விஷயம். உங்கள் வீட்டுக்காரரை நான் எதிராளியாகப் பார்க்கவில்லை. சாயப்பட்டறையில் கெமிக்கலோடு நிற்கிற மனிதனுக்குச் சொந்தமாக வண்டி ஓட்ட ஆசை வருவது இயல்பு. ஆனால் ஆர்டர் இல்லாமல்தான் உங்களையே கான்ட்ராக்டுக்குத் தள்ளுகிறார்கள். அதே நேரத்தில் பீஸ் ஏற்றி இறக்க வண்டிக்கு வாடகை எங்கிருந்து வரும் என்று அவரே யோசிக்கட்டும். வண்டி வேண்டுமானால் அவர் பெயரில் கடன் பார்க்கலாம், தள்ளிப்போடலாம், அவருக்கும் பிஎஃப் பிடிக்கிறார்களா என்று விசாரிக்கலாம். (பட்டறையில் பிடிக்கவில்லை என்றால் அதையும் எனக்கு எழுதுங்கள்.) மகள் காலேஜ் சேருகிற நேரத்தில் பணம் தேவைப்பட்டால், கணக்கை மூடாமலேயே படிப்புக்கென்று பிஎஃப்-இல் முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. அப்படி எடுத்தால் பென்ஷன் உண்டியலைத் தொட்ட மாதிரி ஆகாது.

உங்கள் வீட்டில் உங்கள் ஒருத்தி பெயரில் இருக்கிற சொத்து எது என்று யோசித்துப் பாருங்கள். நகை அடகுக் கடைக்கும் வீட்டுக்குமாகப் போய்வருகிறது. குழுக் கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும், ஆனால் அது கடன். உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்தால் வந்த அன்றே கேஸ் சிலிண்டருக்குப் போயிருக்கும். பிஎஃப் மட்டும்தான் வேறு யாரும் தொட முடியாதது. வெளிக் கடனுக்காகக் கோர்ட்டால்கூட அதை ஜப்தி செய்ய முடியாது. குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர் வாசலில் நின்று சத்தம் போடலாம், அந்தக் கணக்கில் கைவைக்க முடியாது.

தொட முடியாது என்று சொன்னேன், ஆனால் அதற்கு ஒரு சாவி இருக்கிறது. ஓடிபி. அது யார் போனுக்கு வருகிறது? சேரும்போது சூப்பர்வைசரோ ஏஜென்ட்டோ அவசரத்தில் தன் நம்பரைப் போட்டிருப்பார், அல்லது வீட்டுக்காரர் நம்பர் இருக்கும். பெண்களுக்குப் பொருளாதாரச் சுதந்திரம் என்று கூட்டங்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். போகிற இடத்தில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன், பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் போனிலிருந்து 99660 44425 என்ற பிஎஃப் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுங்கள். உங்கள் நம்பர் பதிவாகியிருந்தால் இருப்பு எவ்வளவு என்று மெசேஜ் வரும். வராவிட்டால் பெரும்பாலும் வேறு நம்பர் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் ஆதாரில் உங்கள் நம்பரை ஏற்றுங்கள். ஆதார் மையத்துக்கு நீங்களே போய்க் கைரேகை வைத்து மாற்றிக்கொள்ளலாம். பிறகு மகளை வைத்து யுஏஎன் கணக்கிலும் மாற்றி, நாமினி பெயரையும் போட்டுவிடுங்கள். வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்துபோனால் பிஎஃப் காப்பீட்டில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை உண்டு. நாமினி இல்லாத குடும்பங்கள் அதற்கு வாரிசுச் சான்றிதழோடு மாதக்கணக்கில் அலைவதைப் பார்க்கிறேன்.

கம்பெனி பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் திருப்பூர் ஆட்டம் கண்டது உண்மை. சின்ன ஜாப்வொர்க் யூனிட் நடத்துகிறவர்கள் சிலர் என்னிடமே வந்து அழுதிருக்கிறார்கள். ஆனால் கஷ்டம் வரும்போதெல்லாம் அதை இறக்கிவைக்கிற இடம் ஒன்றாகவே இருக்கிறது. 1984-இல் பஞ்சப்படிக்காக இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பிறகுதான் ஒரே கூரையின் கீழ் நடந்த வேலையைப் பிரித்துப் பிரித்து வெளியே கொடுப்பது வேகமெடுத்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பனியன் வேலைக்குள் வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். கான்ட்ராக்டும் நாமும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தோம் என்று சொல்லலாம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. அவற்றில் எனக்குப் பிடிக்காதது நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்பது நல்ல விஷயம். திங்கட்கிழமை அவர்கள் காகிதம் நீட்டினால் நீங்களும் ஒரு காகிதம் கேட்கலாம். கான்ட்ராக்ட்காரரின் பெயர், லைசென்ஸ், சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் எழுதிய கடிதம் கொடுங்கள் என்று. கொடுக்க மாட்டார்கள். அது தெரிந்தே கேளுங்கள், மற்றவர்கள் காதில் விழுகிற மாதிரி.

தனியாக மட்டும் போய் நிற்காதீர்கள். 22 பேரும் ஒன்றாக நிற்பார்கள் என்று நான் கனவு காணவில்லை. ஐந்தாறு பேர் போதும். திருப்பூரில் சங்க அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. எந்தக் கொடி என்று பார்க்காமல், பனியன் வேலை தெரிந்த ஆள் இருக்கிற இடமாகப் பார்த்துச் சனிக்கிழமை இரவே போய்ச் சொல்லிவைத்துவிடுங்கள். கேட்டை மூடி உள்ளே விடவில்லை என்றால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொழிலாளர் துறைக்கு ஒன்று, பிஎஃப் அலுவலகத்துக்கு ஒன்று. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

திங்கட்கிழமை அந்த இடத்தில் என்ன பேசுவது என்று கவலைப்படாதீர்கள். சண்டை வேண்டாம், சட்டம் பேச வேண்டாம். “வீட்டுல காட்டிப் படிச்சுப் பார்த்துட்டுத் தர்றேனுங்க” என்று சொல்லிக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டோம் என்றால் தொடவே தொடாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து என்றால் பேச்சே கிடையாது.

கடைசியாக, இந்தச் சனிக்கிழமை கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் வேலையே பார்க்கவில்லை என்று கம்பெனி சாதித்தது. அந்தப் பெண் அரிசி டின்னுக்கு அடியில் நாலு வருஷக் கவர்களைப் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் பேரும் ஷிப்ட் எண்ணிக்கையும் தொகையும், கணக்குப் பிள்ளையின் கையெழுத்தில். நாங்கள் ஜெயித்தது அந்தக் கவர்களை வைத்துத்தான். வீட்டில் பழைய கவர் எத்தனை கிடைக்கிறது என்று தேடிப் பாருங்கள். பிஎஃப் பாஸ்புக்கை மகள் திறந்ததும், இந்த ஒன்பது வருஷத்தில் கம்பெனியின் பெயர் எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். ஒரு தடவைக்கு மேல் மாறியிருந்தால் கிராஜுவிட்டிக்கு வேறு மாதிரி மனு எழுத வேண்டியிருக்கும்.